ஒரே லேண்ட்லைனில் பேச்சும் ஃபேக்ஸும்: ஸ்விட்ச் எங்கே உட்கார வேண்டும்?

உங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேண்ட்லைன். மூன்று அறைகளில் மூன்று தொலைபேசிகள். இப்போது வேலைக்காக ஒரு ஃபேக்ஸ் இயந்திரமும் வந்திருக்கிறது. சாக்கெட்டை இரண்டாகப் பிரிக்கும் சிறு பிளக்கை மாட்டி அதையும் அதே லைனில் சேர்த்திருக்கிறீர்கள். ஃபேக்ஸ் தானாக எடுக்கும்படி வைத்தால் பேச அழைப்பவர்கள் காதில் கீச்சொலி விழுகிறது. கையால்தான் எடுப்பது என்று வைத்தால், ஆள் இல்லாத நேரத்தில் வரும் ஃபேக்ஸ் எல்லாம் போய்விடுகிறது. நடுவில் பக்கத்து அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் பக்கம் பாதியில் அறுகிறது. 'வரும் அழைப்பு பேச்சா ஃபேக்ஸா என்று பார்த்துப் பிரித்துவிடும் ஃபேக்ஸ் ஸ்விட்ச் ஒன்று வாங்கினால் இதெல்லாம் தீருமா, அல்லது இரண்டாவது லைனே எடுத்துவிடலாமா?' என்பது உங்கள் கேள்வி.

நாளுக்கு ஐந்தாறு ஃபேக்ஸ் என்ற அளவில் இருந்தால் ஸ்விட்ச் போதும், இரண்டாவது லைன் வேண்டாம். ஆனால் ஸ்விட்ச் வாங்கிய பலர் 'சரியாக வேலை செய்யவில்லை' என்று அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த அளவில் பெரும்பாலும் பழுது பெட்டியில் இல்லை. பெட்டியை மாட்டிய இடத்தில்தான் இருந்தது. ஆகவே எந்த மாடல் என்பதைப் பிறகு பார்க்கலாம். அது என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் எங்கே மாட்ட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

ஒரு ஃபேக்ஸ் இயந்திரம் தானே எண்ணைச் சுழற்றி அழைக்கும்போது, லைனில் ஒரு 'பீப்' ஒலியை விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். 1100 ஹெர்ட்ஸ் ஒலி, அரை விநாடி. பிறகு 3 விநாடி மௌனம். மறுபடி அரை விநாடி. இதற்குச் சி.என்.ஜி. ஒலி என்று பெயர். 'அழைப்பது மனிதன் அல்ல, நான் ஃபேக்ஸ்' என்ற அறிவிப்பு அது. டி.30 என்ற சர்வதேச நெறிமுறையில் இது வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் ஒலி ஒன்றுதான். நம் காதைத் துளைக்கும் அந்த நீண்ட கீச்சொலி வேறு. அது அழைப்பை எடுக்கும் இயந்திரம் அனுப்பும் 2100 ஹெர்ட்ஸ் பதில் ஒலி.

ஸ்விட்ச் காத்திருப்பது அந்த 1100 ஹெர்ட்ஸ் பீப்புக்காக மட்டுமே. அழைப்பு வந்ததும் ஓரிரு முறை மணி அடிப்பதற்குள் அதுவே சத்தமில்லாமல் லைனை எடுத்துவிடும். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை அந்த நொடியே அழைப்பு எடுக்கப்பட்டாகிவிட்டது. அழைத்தவருக்கு அது தெரியாமல் இருக்க, மணி அடிப்பது போன்ற ஒலியை ஸ்விட்சே உண்டாக்கி அவர் காதுக்கு அனுப்பும். இடையில் பீப் கேட்கிறதா என்று கவனிக்கும். கேட்டால் ஃபேக்ஸ் துளைக்கு மணியடிக்கும். கேட்காவிட்டால் தொலைபேசித் துளைக்கு மணியடிக்கும். இந்த மணிக்கான மின்சாரத்தையும் ஸ்விட்சேதான் தயாரித்துத் தருகிறது. எக்ஸ்சேஞ்ச் தன் மணியை நிறுத்தி நேரமாகிவிட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்விட்ச் எடுத்த பிறகு எக்ஸ்சேஞ்சின் மணி எந்தத் தொலைபேசிக்கும் வராது. ஸ்விட்சின் 'போன்' துளைக்குப் பின்னால் இருக்கும் தொலைபேசிகள் மட்டுமே அதன்பின் அடிக்கும். உங்கள் வீட்டு மூன்று தொலைபேசிகளில் ஒன்றை மட்டும் ஸ்விட்சில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டையும் பழையபடி சுவர் சாக்கெட்டிலேயே விட்டால் என்ன ஆகும்? அந்த இரண்டும் ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும். அந்த ஒரு மணிக்கே யாராவது ஓடிப்போய் எடுத்தால், ஸ்விட்ச் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் லைனில் நுழையும். ஃபேக்ஸ் வந்துகொண்டிருக்கும்போது அவற்றில் ஒன்றைத் தூக்கினாலும் பழையபடியே பக்கம் அறுந்துபோகும். ஸ்விட்ச் தருகிற பெரிய நன்மையே, ஃபேக்ஸ் ஓடும்போது தொலைபேசிகளை முழுதாகத் துண்டித்து வைப்பதுதான். தனக்குப் பின்னால் இல்லாத தொலைபேசியை அது எப்படித் துண்டிக்கும்?

எனவே லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் முதல் ஆளாக ஸ்விட்ச் இருக்க வேண்டும். எல்லாத் தொலைபேசிகளும் அதற்குப் பின்னால். இதில் சமரசம் இல்லை.

சொல்வது எளிது. லைன் நுழைவது ஒரு மூலையில், ஃபேக்ஸ் இருப்பது வேறு அறையில் என்றால் என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. ஸ்விட்சை நுழைவிடத்திலேயே வைத்து, அங்கிருந்து ஃபேக்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு ஒயர் இழுக்கலாம். அங்கே ஸ்விட்சின் அடாப்டருக்கு ஒரு மின் பிளக்கும் வேண்டும். புது ஒயர் இழுக்க விருப்பமில்லாதவர்களுக்கு இரண்டாவது வழி. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

வீட்டுச் சுவருக்குள் ஓடும் தொலைபேசி ஒயரைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே நான்கு இழைகள் இருக்கும். ஒரு லைனுக்குத் தேவை இரண்டே இழை. மற்ற ஜோடி சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் ஜோடியை 'உள்ளே வரும் பாதை'யாக ஆக்கிவிடலாம். நுழைவிடத்தில், வெளியிலிருந்து வரும் லைனை வீட்டு ஒயரின் வழக்கமான ஜோடியிலிருந்து கழற்றி, சும்மா கிடந்த ஜோடியில் கட்டுங்கள். ஃபேக்ஸ் இருக்கும் அறைச் சாக்கெட்டில் அந்த ஜோடியை எடுத்து ஸ்விட்சின் 'லைன்' துளைக்குக் கொடுங்கள். ஸ்விட்சின் 'போன்' துளையிலிருந்து வருவதை அதே சாக்கெட்டின் வழக்கமான ஜோடியில் திருப்பி விடுங்கள். வீட்டில் உள்ள எல்லாச் சாக்கெட்டுகளும் வழக்கமான ஜோடியில்தான் இணைந்திருக்கின்றன. அதனால் எந்தத் தொலைபேசியையும் தொடாமலே எல்லாம் ஸ்விட்சுக்குப் பின்னால் வந்துவிடும். ஒரு சுவர் ஒயருக்குள்ளேயே போகும் வழியும் திரும்பும் வழியும் கிடைத்துவிடுகிறது.

இதில் தவறவே கூடாத ஒன்று உண்டு. நுழைவிடத்தில் வழக்கமான ஜோடி வெளி லைனிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். எங்காவது ஒரு சாக்கெட்டில் இரண்டும் ஒட்டியிருந்தால் ஸ்விட்ச் தயாரிக்கும் மணி மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் லைனோடு மோதும், ஸ்விட்ச் கெட்டுப்போகலாம். கட்டி முடித்ததும் ஸ்விட்சை மாட்டுவதற்கு முன், ஒரு தொலைபேசியை வழக்கமான ஜோடியில் வைத்துக் கேளுங்கள். டயல் டோன் இருக்கக் கூடாது. சும்மா கிடந்த ஜோடியில் மட்டும் இருக்க வேண்டும். ஒயரைத் தொடும்போது இன்னொரு எச்சரிக்கையும் தேவை: லைனில் சாதாரணமாக இருப்பது 48 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம், அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தால் மணிக்காக 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் பாயலாம். அது நன்றாகவே அடிக்கும். வெளி லைனைக் கழற்றிவிட்டு மற்ற வேலைகளைச் செய்யுங்கள். இடி மின்னல் நேரத்தில் தொடவே வேண்டாம்.

அதே லைனில் பிராட்பேண்ட் வருகிறதா? அப்படியானால் ஸ்விட்சுக்கும் முன்னால் வர வேண்டிய பொருள் ஒன்று உண்டு, அது லைனில் வரும் இணையத்தையும் பேச்சையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் டி.எஸ்.எல். ஸ்ப்ளிட்டர். மோடம் ஸ்விட்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஒவ்வோர் அழைப்பிலும் ஸ்விட்ச் பாதை மாற்றும்போது இணையம் அறுந்து அறுந்து வரும். ஸ்ப்ளிட்டரின் மோடம் பக்கம் நேரே மோடத்துக்கு. தொலைபேசிப் பக்கம் ஸ்விட்சுக்கு. மேலே சொன்ன நான்கிழை வித்தையோடு இதையும் சேர்ப்பதென்றால், ஸ்ப்ளிட்டரையும் மோடத்தையும் நுழைவிடத்திலேயே வைத்துவிடுவது நல்லது. லைன் வழியே தகவல் அனுப்பும் திருட்டு எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதுவும் ஸ்விட்சுக்கு முன்னால்தான். அவசரத்தில் லைனைப் பிடுங்கிக்கொள்ளும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். ஃபேக்ஸ் ஓடி முடியும்வரை அது காத்திருக்கக் கூடாது.

இடம் அமைந்தது. இனி நேரக் கணக்கு. ஸ்விட்ச் எத்தனை விநாடி கவனிக்க வேண்டும் என்பதைச் சில மாடல்களில் நாமே வைக்கலாம். 1100 ஹெர்ட்ஸ் என்பது மனிதக் குரலுக்கும் இசைக்கும் எட்டக்கூடிய ஒலிதான். ஒரு குழந்தை கீச்சிட்டாலோ யாரேனும் சீட்டியடித்தாலோ, ஒரே பீப்பை நம்பும் ஸ்விட்ச் ஏமாந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே லைனை ஃபேக்ஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டு பீப் கேட்டு உறுதி செய்கிற மாடல் நல்லது. பீப்புகள் மூன்றரை விநாடிக்கு ஒருமுறை வருகின்றன. ஸ்விட்ச் காதைத் திறக்கும்போது ஒரு பீப்பின் தொடக்கம் அப்போதுதான் தவறிப்போயிருந்தால், அடுத்த முழு பீப்புக்கு மூன்றரை விநாடி, அங்கிருந்து இரண்டாவது பீப் முடிய இன்னும் நான்கு விநாடி. மொத்தம் ஏழரை. எனவே கவனிக்கும் நேரத்தை 8 விநாடிக்குக் குறைக்காதீர்கள்.

அதற்காகத் தாராளமாகவும் வைக்க முடியாது. அழைக்கும் இயந்திரம் மறுமுனை இயந்திரத்தின் அடையாளச் செய்திக்காகக் காத்திருப்பது ஏறத்தாழ 35 விநாடிதான். பிறகு 'பதில் இல்லை' என்று துண்டித்துவிடும். இந்த 35 விநாடிக்குள் ஸ்விட்ச் கவனித்து, தீர்மானித்து, ஃபேக்ஸுக்கு மணியடித்து, ஃபேக்ஸ் எடுத்து, கீச்சொலி அனுப்பி முடிக்க வேண்டும். அதனால் ஃபேக்ஸ் இயந்திரத்தில் 'தானாக எடு' என்றும், முதல் மணியிலேயே என்றும் வையுங்கள். நான்காம் மணிக்கு எடுக்கும்படி பழைய அமைப்பிலேயே விட்டுவிட்டு, ஸ்விட்சைக் குறை சொன்ன வீடுகள் உண்டு. அந்தத் துளைக்கு மணி வந்தாலே அது ஃபேக்ஸ்தான் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது; காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது ஸ்விட்சால் கண்டுபிடிக்க முடியாத ஃபேக்ஸைப் பற்றி. சிலர் ஃபேக்ஸ் இயந்திரத்தின் ரிசீவரைக் கையில் எடுத்து, எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் கீச்சொலி கேட்ட பிறகே 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துவார்கள். அப்படி அழைக்கும்போது பல இயந்திரங்கள் பீப் அனுப்புவதில்லை. ஸ்விட்சுக்கு அது பேச்சு அழைப்பாகவே தெரியும். உங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். நீங்கள் எடுத்தால், 'ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும், டோன் கொடுங்கள்' என்பார். இதற்காகவே ஸ்விட்சில் ஒரு குறியீடு வைத்திருப்பார்கள்; தொலைபேசியில் அந்த எண்களை அழுத்தினால் லைன் ஃபேக்ஸுக்கு மாறும். அந்தக் குறியீட்டை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு தொலைபேசியிலும் ஒட்டிவையுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். யந்திர விவரம் தெரிந்தவர் வெளியே போயிருக்கும்போதுதான் முக்கியமான ஃபேக்ஸ் வரும்.

வீட்டில் யாரும் இல்லையென்றால்? இத்தனை முறை மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் ஃபேக்ஸுக்கு அனுப்பு என்ற வசதி நல்ல ஸ்விட்சுகளில் உண்டு. ஆன்சரிங் மெஷின் இல்லாதவர்கள் இதைக் கட்டாயம் போட்டுவையுங்கள். கையால் அழைப்பவர் கீச்சொலிக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் மனிதர் என்பதால், 35 விநாடிக் கெடு அவருக்கு இல்லை.

ஆன்சரிங் மெஷின் இருந்தால் அதையும் ஸ்விட்சுக்குப் பின்னால், போன் பக்கத்தில் வையுங்கள். மெஷின் எடுத்த பிறகும் தொடர்ந்து கவனிக்கும் ஸ்விட்சாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு. வரவேற்புச் செய்தியைப் பதிவு செய்யும்போது தொடக்கத்தில் 4 விநாடி மௌனம் விட்டுவிட்டுப் பேசத் தொடங்குங்கள். அந்த இடைவெளியில் ஒரு முழு பீப்பாவது ஸ்விட்சின் காதில் விழும். செய்தி 15 விநாடிக்குள் முடியட்டும். தொலைபேசிக் கம்பெனி தரும் வாய்ஸ்மெயிலை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. ஸ்விட்ச் எப்போதும் அதற்கு முந்திக்கொண்டு எடுத்துவிடுவதால், லைன் பிஸியாக இருக்கும்போது தவிர வாய்ஸ்மெயிலுக்கு வேலையே இருக்காது.

ஸ்விட்ச் வைப்பதால் இழப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களை அழைப்பவர், நீங்கள் எடுக்காவிட்டாலும் கட்டணம் கொடுப்பார். ஏனென்றால் ஸ்விட்ச் எடுத்துவிட்டது. இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். அழைப்பவர் எண் காட்டும் வசதியும் சிக்கலுக்குள்ளாகும். பல இடங்களில் அந்த எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில்தான் லைனில் வருகிறது. முதல் மணியிலேயே ஸ்விட்ச் எடுத்துவிட்டால் எண் வரும் நேரமே வாய்க்காது. இரண்டாம் மணிக்குப் பிறகு எடுக்கும்படி வைக்கலாம். ஆனால் அந்த முதல் மணிகளையும் எண்ணையும் தொலைபேசிகளுக்கு அப்படியே கடத்திவிடுகிற மாடலாக இருந்தால்தான் பலன். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைக் கையேட்டில் தேடிப் பாருங்கள். தொலைபேசிகள் அதிகம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்விட்சின் மணி மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் தருவதைவிடப் பலவீனமாக இருக்கும். உலோக மணி உள்ள பழைய தொலைபேசிகள் நான்கைந்தை அதில் கட்டினால் எல்லாமே முனகும். மின்னணு ஒலி எழுப்பும் இன்றைய தொலைபேசிகள் அவ்வளவு இழுப்பதில்லை.

'என் ஃபேக்ஸ் இயந்திரத்திலேயே ஃபேக்ஸ்/டெல் என்றொரு அமைப்பு இருக்கிறதே, ஸ்விட்ச் எதற்கு?' என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் அதே பீப்பைத்தான் தேடுகிறது. பேச்சு என்று தெரிந்தால் இயந்திரம் தன் ஸ்பீக்கரில் மட்டும் வேறு மாதிரி மணி எழுப்பும். மற்ற அறைத் தொலைபேசிகள் அடிக்காது. ஒரே அறையில் தொலைபேசியும் ஃபேக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இது தாராளமாகப் போதும், ஒன்றும் வாங்க வேண்டாம். மூன்று அறை என்னும்போது போதாது. வேறு அறையிலிருந்து ஃபேக்ஸை எடுக்கச் சொல்லும் குறியீடும் இத்தகைய இயந்திரங்களில் உண்டு. ப்ரதர் இயந்திரங்களில் அது வழக்கமாக *51.

ஸ்விட்சைவிடச் சுத்தமான தீர்வு ஒன்றும் இருக்கிறது. சில தொலைபேசிக் கம்பெனிகள் ஒரே லைனுக்கு இரண்டு எண்கள் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மணியடிக்கும் தாளம் வேறு. இரண்டாவது எண்ணை ஃபேக்ஸுக்கு என்று கொடுத்துவிட்டால், தாளத்தைக் கேட்டே அழைப்பு எது என்று தெரிந்துவிடும். யாரும் லைனை எடுத்துக் கவனிக்க வேண்டியதில்லை, பீப்பும் வேண்டாம், கையால் அனுப்புபவரும் நேரே ஃபேக்ஸை அடைவார். பல ஃபேக்ஸ் இயந்திரங்களே இந்தத் தாளத்தைக் கற்றுக்கொள்ளும். இது உங்களுக்குக் கிடைக்குமென்றால் ஸ்விட்சுக்கு முன் இதைத்தான் விசாரிப்பேன். ஆனால் ஃபேக்ஸ் நடுவில் தொலைபேசியைத் தூக்கினால் அறுந்துபோகும் பிரச்சினை இதில் தீராது. அதற்குத் தாளம் அறிந்து பிரிக்கும் ஸ்விட்ச் வேண்டும், அல்லது வீட்டாரின் கவனம் வேண்டும்.

உங்கள் 'லேண்ட்லைன்' உண்மையில் இணைய மோடத்தின் பின்னாலிருந்து வருகிறதென்றால், ஸ்விட்சுக்கு முன்பு ஃபேக்ஸே ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் ஃபேக்ஸ் ஒலியைச் சிதைத்துவிடும். ஜி.711 என்ற சுருக்காத முறை அல்லது ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறை இருக்க வேண்டும். மௌனத்தை வெட்டும் வசதியை அணைத்துவிட்டு, ஃபேக்ஸ் வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டுக்கு இறக்கினால் பெரும்பாலும் நிலைப்படும்.

கால் வெயிட்டிங் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நடுவில் வரும் அந்த ஒரு 'டுக்' ஒலியே பக்கத்தைக் கெடுக்கப் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிச் சோதித்துவிடுங்கள். செல்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். மூன்று தொலைபேசிகளும் தொடர்ந்து அடிக்க வேண்டும். ஒரு தொலைபேசி ஒருமுறை அடித்து நின்றால், அது ஸ்விட்சுக்கு முன்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெரிந்தவர் ஒருவரை இரண்டு பக்க ஃபேக்ஸ் தானாக அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் எந்த மணியும் அடிக்காமலே வந்து சேர வேண்டும். அது வந்துகொண்டிருக்கும்போது ஒவ்வோர் அறையிலும் ரிசீவரைத் தூக்கிப் பாருங்கள், கீச்சொலி எதிலும் கேட்கக் கூடாது. அடுத்து அவரையே கையால் சுழற்றி அனுப்பச் சொல்லி, குறியீட்டை அழுத்திப் பாருங்கள். கடைசியாக ஸ்விட்சின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஒரு தொலைபேசியை எடுங்கள். மின்சாரம் இல்லாதபோது லைனை நேரே தொலைபேசிக்கு விட்டுவிடும் ஸ்விட்ச் என்றால் டயல் டோன் கேட்கும். கேட்காவிட்டால் அந்த ஸ்விட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். நள்ளிரவில் மின்சாரம் போன நேரத்தில் ஆம்புலன்ஸை அழைக்க முடியாத வீடாக அது இருக்கக் கூடாது.